ஒரு தலையை நம்பி நான்கு உயிர்!

திருப்பூர்ப் பக்கத்துத் தோழர் ஒருவர். பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். ஊரிலிருந்து கம்பெனிக்கு 18 கிலோ மீட்டர். காலையில் போக ஒரு தடவை, இரவில் திரும்ப ஒரு தடவை என்று நாள்தோறும் 36 கிலோ மீட்டர் மோட்டார் சைக்கிளிலேயே போய் வருகிறார். மனைவி, மூன்று வயதில் ஒரு பெண், கைக்குழந்தை ஒன்று, வயது முதிர்ந்த தாய் — இந்த நால்வருக்கும் அவர் ஒருவருடைய சம்பாத்தியந்தான் சோறு.

சென்ற மாதம் அவருடன் ஒரே மேசையில் வேலை பார்த்த நண்பர், வேலை முடிந்து திரும்பும்போது நெடுஞ்சாலைப் பிரிவில் லாரியில் அடிபட்டு இறந்துவிட்டார். வயது முப்பத்து நான்கு. சுடுகாட்டுக்குப் போய்விட்டு வீடு திரும்பிய தோழரிடம் மனைவி சொன்னது ஒரே வார்த்தை: “வண்டியை வித்துப் போடுங்க.” தாயார் சொன்னார்: “எழுதினது எப்படியோ அப்படித்தானப்பா நடக்கும், வண்டி என்ன செய்யும்?” கம்பெனியிலே ஒருவர் சொன்னாராம்: “பயந்தவன் வாழ முடியுமா? கையிலே ஓட்டம் இருந்தால் ஒன்றும் ஆகாது.”

மூன்று பேரும் மூன்று சொல்ல, தோழர் நம்மிடம் வந்தார். “நீங்க சொல்லுங்கண்ணா, வித்துப் போடட்டுங்களா?”

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல. தமிழ்நாட்டிலே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு இறங்குகிற ஒவ்வொரு குடும்பத் தலைவனும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. கேட்டால் மனம் கலங்கும் என்பதற்காகப் பலர் கேட்பதில்லை. நாம் கேட்டுப் பார்ப்போம். அழுகைக்காக அல்ல, கணக்குக்காக!

விதி என்போரும், வீரம் என்போரும்

முதலில் தாயாரின் வாதம். தலையெழுத்து என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். துன்பம் தாங்க முடியாதபோது எளியவர்கள் பற்றிக்கொள்ளும் கொம்பு அது. ஆனால் எழுத்து என்றால், ஆண்டுதோறும் ஏன் அது ஒரே மாதிரி எழுதப்படுகிறது? ஏன் கார்க்காரரைவிட வண்டிக்காரர் தலையிலே அதிகமாக எழுதப்படுகிறது? ஏன் கவசம் போட்ட தலையைவிடப் போடாத தலையிலே கூடுதலாக எழுதப்படுகிறது? ஆளைப் பார்த்து, வேகத்தைப் பார்த்து, சாலையைப் பார்த்து மாறுகிற ஒன்று விதியாக இருக்க முடியாது. அதற்குக் காரணம் உண்டு. காரணம் உள்ளதைத் தடுக்கவும் வழி உண்டு.

அடுத்து, வீரம் பேசும் நண்பர். கையிலே ஓட்டம் இருந்தால் போதும் என்கிறார். தன் கை தனக்குத் தெரியும்; எதிரே வரும் லாரிக்காரர் கை யாருக்குத் தெரியும்? மணல் சிதறிய வளைவு, மூடாத பள்ளம், குறுக்கே ஓடும் நாய், விளக்கில்லாமல் நிற்கும் டிராக்டர் — இவற்றுக்கெல்லாம் இவருடைய ஓட்டத் திறமை தெரியவா போகிறது? திறமை ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. திறமை இருக்கிறதே என்ற நினைப்பு வேகத்தைக் கூட்டுமானால், குறைத்ததையும் சேர்த்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.

மனைவியின் வாதம் இருக்கிறதே, அதுதான் இம்மூன்றிலும் அறிவுக்குப் பொருந்தியது. ஆபத்து உண்மை என்று அந்த அம்மையார் ஒப்புக்கொள்கிறார். ஆனால் வண்டியை விற்றபிறகு கம்பெனிக்கு எப்படிப் போவது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. அவரிடம் மட்டுமா இல்லை? நாட்டினிடமே இல்லை! அதைப் பிறகு பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்லுகிறது?

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கை எடுத்துக்கொள்வோம். அந்த ஓராண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துக்கள். மாண்டவர் 1,68,491 பேர். நாள் ஒன்றுக்கு 462 பேர்; மணிக்கு 19 பேர். ஒரு போரில் இத்தனை பேர் செத்தால் நாடே பதறும். சாலையில் செத்தால் பத்திரிகையிலே ஆறாம் பக்கத்தில் நான்கு வரி.

மாண்டவர்களில் இருசக்கர வண்டியில் போனவர் எத்தனை பேர்? 74,897. நூற்றுக்கு 44க்கும் மேல். பேருந்தில் பயணம் செய்து மாண்டவர் பங்கு நூற்றுக்கு மூன்று கூட இல்லை.

மாண்டவர் வயது என்ன? நூற்றுக்கு 66 பேர் 18 வயதுக்கும் 45 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். உழைக்கும் வயது என்று 60 வரை நீட்டினால் நூற்றுக்கு 83 பேர். இதன் பொருள் என்ன? சாலை தேடிப்பிடித்துக் கொண்டுபோவது சம்பாதிக்கும் ஆளை! ஒரு மனிதன் விழுகிறான். அவனோடு ஒரு வீட்டின் அடுப்பும் அணைகிறது.

தமிழ்நாட்டின் இடம் எங்கே? அந்த ஆண்டில் விபத்துக்களின் எண்ணிக்கையில் நாம் முதல் இடம் — 64,105. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்திற்கு அடுத்து இரண்டாவது இடம் — 17,884 பேர். நாள் ஒன்றுக்கு 49 பேர். கல்வியில் முன்னணி, மருத்துவத்தில் முன்னணி என்று மார்தட்டிக்கொள்ளும் நாம், இந்த முன்னணியைப் பற்றியும் நாலு பேர் நடுவிலே பேசத் துணிய வேண்டாமா?

இன்னும் ஒரு கணக்கு. அந்த ஆண்டில் தலைக்கவசம் இல்லாமல் மாண்டவர் 50,029 பேர். அதாவது இருசக்கர வண்டியில் மாண்ட மூவரில் இருவர் தலை வெறுந்தலை. கவசம் போட்டிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய். லாரி நெஞ்சின்மீது ஏறினால் தலைக்கவசம் என்ன செய்யும்? ஆனால் பல நாட்டு ஆராய்ச்சிகளையும் ஒன்றாகத் திரட்டிப் பார்த்த அறிஞர்கள், தலைக்கவசம் மரண வாய்ப்பை நூற்றுக்கு 42 அளவும், தலைக்காயத்தை நூற்றுக்கு 69 அளவும் குறைக்கிறது என்று 2008இல் முடிவு கூறினர். அந்த அளவை 50,029க்குப் போட்டுப் பாருங்கள். சற்றேறக்குறைய 21,000 உயிர்! ஓராண்டில்!

இது பொழுதுபோக்கு அல்ல

“இத்தனை ஆபத்தான வண்டியை ஏன் ஓட்ட வேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவிலே இந்தக் கேள்விக்குப் பொருள் இருக்கிறது. அங்கே பெரும்பாலோர்க்குக் கார் உண்டு. மோட்டார் சைக்கிள் ஞாயிற்றுக்கிழமை உல்லாசம். போகும் தூரத்தை வைத்துக் கணக்கிட்டால், அங்கே காரில் போவோரைவிட மோட்டார் சைக்கிளில் போவோர் சாவது இருபது மடங்குக்கும் மேல். குழந்தை பிறந்ததும் அந்த நாட்டுத் தகப்பன் வண்டியை விற்றுவிடுவதென்று முடிவு செய்தால், அவன் இழப்பது ஒரு சுகம், அவ்வளவுதான்.

நம் தோழர் விற்றால் இழப்பது வேலை!

நம் நாட்டிலே இந்த வண்டி வளர்ந்த கதையைப் பாருங்கள். 1950களின் நடுவில் சென்னைத் திருவொற்றியூரில் என்பீல்டு வண்டிகளைப் பூட்டத் தொடங்கினார்கள். அன்று அது பட்டாளத்துக்கும் போலீசுக்கும் பண்ணையாருக்கும் உரிய வண்டி. ஏழை அதன் சத்தத்தைத்தான் கேட்டான். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் அமரும் சிறு வண்டி. பால்காரர் கேன் கட்டினார். கீரைக்காரர் கூடை கட்டினார். கொத்தனார் சாந்துச்சட்டியோடு ஏறிக்கொண்டார். உழைப்பாளிக்கு அது கால்களாயிற்று. 2018 பிப்ரவரியில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதியை, 25,000 ரூபாய் வரையில் மானியமாகத் தரும் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசே தொடங்கியது. ஆக, இது ஆடம்பரம் அல்ல, பிழைப்புக் கருவி என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது.

கருவி என்று ஒப்புக்கொண்டால், அந்தக் கருவியால் கை அறுபடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா? மில்லிலே இயந்திரத்துக்குக் கம்பிவேலி போடவில்லை என்றால் முதலாளியைக் கேட்கிறோம். சாலையிலே வேலி இல்லை என்றால் யாரைக் கேட்பது?

லாரன்சின் சாவும் ஒரு மருத்துவரின் சிந்தனையும்

தலைக்கவசம் யாரோ வியாபாரி கண்டுபிடித்த சரக்கு என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

அரேபியப் பாலைவனத்திலே போர் நடத்திப் புகழ் பெற்ற ஆங்கிலேயர் டி. இ. லாரன்ஸ். எத்தனையோ குண்டுகளுக்குத் தப்பியவர். 1935 மே 13ஆம் நாள், இங்கிலாந்தில் தம் வீட்டருகே மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள் மீது மோதாமலிருக்க வண்டியை ஒடித்தார். தூக்கி எறியப்பட்டார். தலையிலே காயம். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து மே 19இல் மாண்டார். வயது 46. அவர் தலையிலே கவசம் இல்லை.

கையிலே ஓட்டம் இல்லாதவரா லாரன்ஸ்? கை தேர்ந்தவர். ஒரு வினாடியில் அந்தத் தேர்ச்சி முடிந்துபோயிற்று.

அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர். “பாவம், நல்லவர் போய்விட்டார்” என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போகவில்லை அவர். ஏன் இறந்தார் என்று கேட்டார். மோட்டார் சைக்கிளில் போய்த் தலையடிபட்டவர்களைப் பற்றிய விவரங்களைச் சேர்த்தார். கவசம் அணிந்து விழுந்தவர்களுக்குக் காயம் குறைவாக இருப்பதைக் கண்டு 1941இல் கட்டுரையாக வெளியிட்டார். அதே ஆண்டு பிரிட்டிஷ் இராணுவம், செய்தி கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிற்று.

இராணுவம் உடனே கேட்டது. மக்கள் சபை கேட்க 32 ஆண்டு ஆயிற்று! பிரிட்டனில் பொதுமக்களுக்குக் கட்டாயமானது 1973 ஜூன் முதல் தேதியிலிருந்துதான். அறிவு பிறப்பதற்கும் சட்டம் ஆவதற்கும் இடையே எத்தனை குழிகள் தோண்டப்படுகின்றன பாருங்கள்.

“என் தலை, என் உரிமை”

சட்டம் வந்த இடங்களிலெல்லாம் ஒரு குரல் எழுந்தது: “என் தலை, உடைந்தால் எனக்குத்தானே! அரசுக்கு என்ன?” உரிமைக் குரல் எங்கிருந்து வந்தாலும் நாம் காது கொடுத்துக் கேட்பவர்கள். இதையும் கேட்போம்.

1972இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒருவர் இதையே வழக்காகக் கொண்டுபோனார். நீதிமன்றம் என்ன சொல்லிற்று? நீ சாலையில் விழுந்த நொடியிலிருந்து உன்னைத் தூக்குவது சமுதாயம். மருத்துவமனையில் சேர்ப்பது சமுதாயம். நீ பிழைத்து வேலை செய்ய முடியாமல் போனால் உனக்கும் உன் குடும்பத்துக்கும் சோறு போட வேண்டியதும் சமுதாயமாக இருக்கலாம். ஆகவே உன் தலை உனக்கு மட்டும் சொந்தமல்ல — இந்தக் கருத்துப்படத் தீர்ப்பளித்தது. நாட்டின் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

குடும்பஸ்தனுக்கு இந்த வாதம் இன்னும் பத்து மடங்கு பொருந்தும். ஒற்றை ஆள், “என் தலை” என்று சொல்லலாம். நம் தோழர் சொல்ல முடியுமா? அவர் தலையை நம்பி நான்கு உயிர் இருக்கிறது. அந்தக் கைக்குழந்தையிடம் யார் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் வெறுந்தலையோடு போகிறார்?

பின்னால் அமர்ந்திருப்பவர் யார்?

தெருவிலே நின்று பாருங்கள். கணவர் கவசம் போட்டிருக்கிறார்; போலீஸ் நிற்குமே என்று. பின்னால் மனைவி, கவசம் இல்லை. நடுவிலே ஒரு குழந்தை. பெட்ரோல் டாங்கின்மேல் இன்னொரு குழந்தை. நான்கு தலைகளில் ஒரு தலைக்குத்தான் பாதுகாப்பு! இன்னும் சிலர் கவசத்தை முழங்கையிலே மாட்டிக்கொண்டு போகிறார்கள். முழங்கைக்கு மூளை இருப்பதாக இதுவரை எந்த மருத்துவரும் சொன்னதில்லை.

2022இல் கவசமின்றி மாண்ட 50,029 பேரில் 14,337 பேர் ஓட்டியவர்கள் அல்ல. பின்னால் அமர்ந்து சென்றவர்கள். அவர்கள் வேகத்தை முடிவு செய்யவில்லை. பிரேக் அவர்கள் காலடியில் இல்லை. நம்பி ஏறினார்கள், அவ்வளவுதான்.

சட்டம் இதை மறக்கவில்லை. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும், ஓட்டுபவரானாலும் அமர்ந்து வருபவரானாலும், தலைக்கவசம் கட்டாயம் என்கிறது. தவறினால் 1,000 ரூபாய் அபராதம். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வேறு விதி 2023 பிப்ரவரி 15 முதல் வந்திருக்கிறது. ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு அளவான கவசம் வேண்டும்; குழந்தையை ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும்; வேகம் மணிக்கு 40 கிலோ மீட்டரைத் தாண்டக் கூடாது. இப்படி ஒரு விதி இருப்பதை அறிந்த தகப்பன்மார் உங்கள் தெருவில் எத்தனை பேர்? குழந்தைத் தலைக்கு ஏற்ற கவசம் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா? விதி தில்லியிலே பிறக்கிறது. கடைத்தெருவுக்கு வந்து சேரவில்லை.

வியட்நாமைப் பாருங்கள். நம்மைப்போலவே குடும்பம் முழுவதும் ஒரே வண்டியில் போகும் நாடு. நம்மைப்போலவே வெயில். 2007 டிசம்பர் 15ஆம் நாள் தலைக்கவசச் சட்டத்தை எல்லாச் சாலைகளுக்கும் அமல் செய்தார்கள். அதற்கு முன் பாதிப் பேர்கூட அணியாத ஊர்களில், பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அணிந்தார்கள். சிறிது காலத்திலேயே தலைக்காயமும் மரணமும் குறைந்ததை மருத்துவமனைகள் கண்டன. ஆனால் குழந்தைகள் விஷயத்திலே அங்கும் சறுக்கல். கவசம் குழந்தையின் கழுத்தைக் கெடுக்கும் என்ற வதந்தியைப் பெற்றோர் நம்பினார்கள். வெயிலும் வறுமையும் நமக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை அந்த நாடு காட்டிற்று. வதந்தியும் நமக்கு மட்டும் உரியதல்ல!

18,000 பயணங்கள்

இனி நம் தோழருடைய சொந்தக் கணக்குக்கு வருவோம். “இத்தனை வருஷம் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே!” என்கிறார். உண்மை. ஒரு பயணத்தை மட்டும் எடுத்தால் ஆபத்து மிக மிகச் சிறியது. ஆனால் அவர் ஒரு பயணமா போகிறார்? நாளுக்கு இரண்டு. ஆண்டுக்கு 300 நாள். முப்பது ஆண்டு உழைப்பு. மொத்தம் 18,000 பயணங்கள்! சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுந்தானா? ஆபத்துக்கும் அதே கணக்குத்தான். ஆகவே நாளைக்கு அடிபடுவேனா என்று கேட்பதில் பயன் இல்லை. 18,000 பயணங்களிலும் என் ஆபத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

வேகத்தை எடுங்கள். 2022இல் மாண்டவர்களில் நூற்றுக்கு 71 பேர் சாவுக்கு அதிவேகமே காரணம் என்கிறது அதே அரசாங்கக் கணக்கு. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 16 மீட்டருக்கும் மேல். எதிரே ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்துவதற்குள் ஏறக்குறைய ஒரு வினாடி போய்விடும். அந்த 16 மீட்டரும் இலவசமாக ஓடிவிடுகிறது. பிரேக் அதற்குப் பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் பலம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். 40இல் விழுந்தவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போகலாம். 80இல் விழுந்தவனை நாலு பேர் தூக்க வேண்டியிருக்கும்.

வேகத்தால் கிடைப்பது என்ன? 18 கிலோ மீட்டரை 60 வேகத்தில் போனால் 18 நிமிஷம். 45 வேகத்தில் போனால் 24 நிமிஷம். மிச்சம் ஆறு நிமிஷம்! அந்த ஆறு நிமிஷத்தைக் கம்பெனி வாசலிலே டீக்கடையில் செலவிடுகிறோம். அதை வீட்டு வாசலிலேயே முன்கூட்டிச் செலவிட்டால், கைக்குழந்தையின் முகத்தை ஒரு தடவை கூடுதலாகப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

குடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் மதுவுக்கு மேல் இருந்தால் குற்றம் என்கிறது. குடும்பத்தின் சட்டம் இன்னும் கடுமையாக இருக்கட்டும்: சொட்டு இருந்தாலும் சாவியைத் தொடாதே.

விழுந்த பிறகு

வராது என்று நம்புவோம். வந்தால் என்ன என்றும் எண்ணி வைப்போம். அதுதான் குடும்பஸ்தன் இலட்சணம். இங்கே பலரும் அறியாத ஒரு விஷயம் உண்டு. சட்டத்துக்காக மட்டும் எடுக்கும் மூன்றாம் நபர் காப்பீடு, நீங்கள் மோதியதால் பாதிக்கப்பட்ட வெளி ஆளுக்குத்தான் ஈடு தரும். உங்கள் பின்னால் அமர்ந்த மனைவி உங்கள் தவறால் விழுந்தால்? அந்தக் குறைந்த பாலிசியில் பின்னால் அமர்ந்தவருக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006இல் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மனைவியை ஏற்றிக்கொண்டு போகிறவர், பாலிசித் தாளை எடுத்து, பின்னால் அமர்பவருக்கு அதில் இடம் உண்டா என்று ஏஜெண்டைக் கேட்க வேண்டும். உரிமையாளரே ஓட்டிச் சென்று மாண்டால் 15 இலட்சம் ரூபாய் தரும் விபத்துக் காப்பு 2018இல் வந்தது. அதற்கும் லைசென்ஸ் செல்லுபடியாக இருக்க வேண்டும். காலாவதியான லைசென்சோடு ஓட்டுகிறவர், தன் பிள்ளைகளின் 15 இலட்சத்தைச் சாலையிலே வீசிக்கொண்டு போகிறார்!

இன்னொன்று. விழுந்தவரைத் தூக்கினால் போலீஸ் தொல்லை என்று ஒதுங்கிப் போகும் வழக்கம் இன்னும் மாறவில்லை. உதவ வந்தவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016இல் நாடெங்கும் செல்லத்தக்கதாக்கிற்று; 2019இல் அது சட்டமாகவே ஆயிற்று. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. நல்ல ஏற்பாடுகள். ஆனால் மருத்துவமனை வாசலிலே நிற்கும் அரசாங்கம், விபத்து நடக்கும் இடத்திலேயும் நிற்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அரசாங்கத்தின் பங்கு

நாட்டுச் சாலைகளின் மொத்த நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் சுமார் 2 சதவிகிதம். 2022இல் மரணங்களில் அவற்றின் பங்கு 36 சதவிகிதம்! ஏன்? நான்கு வழி, ஆறு வழி என்று லாரிக்கும் காருக்கும் சாலை அகலமாகிறது. பக்கத்து ஊரிலிருந்து வரும் வண்டிக்காரன் அதைக் கடப்பதற்கு வழி யோசிக்கப்படவில்லை. ஊர்ப்பாதை நெடுஞ்சாலையில் சேருமிடத்தில் விளக்கு இல்லை, பாலம் இல்லை, இரண்டு மைல் சுற்ற மனமில்லாமல் எதிர்த்திசையில் வருகிறான், சாகிறான். “விதியை மீறினான்” என்று கோப்பு மூடப்படுகிறது. மீறினான், ஒப்புக்கொள்கிறோம். மீறாமல் வீடு போய்ச் சேர அவனுக்கு ஒரு வழியைக் காட்டினீர்களா?

பேருந்து இன்னொரு வழி. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியபோது, வீட்டுப் பணம் மிச்சமாயிற்று என்று எல்லாரும் பேசினார்கள். உயிரும் மிச்சம் என்று யாரும் பேசவில்லை. வண்டியின் பின்னால் அமர்ந்து போக வேண்டிய பெண் பேருந்தில் அமர்ந்தால், 14,337 என்ற அந்த எண் குறையும் அல்லவா? ஆனால் மாலை ஏழு மணிக்கு மேல் கிராமத்துக்குப் பேருந்து இல்லையென்றால் கட்டணம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஷிப்டு முடியும் நேரத்துக்குப் பேருந்து வேண்டும். நூறு பேரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, ஒரு வேன் வைக்க வேண்டும். இவற்றைக் கேட்பது தொழிற்சங்கங்களின் வேலை. கூலி உயர்வு கேட்கிறோம். கூலியோடு வீடு போய்ச் சேரும் உரிமையையும் கேட்போம்!

விற்பதா? வைத்திருப்பதா?

தோழருக்கு நாம் சொன்ன பதில் இதுதான்.

“வண்டியை விற்க வேண்டாம், விற்றால் வேலை போகும். ஆனால் பழைய மாதிரி ஓட்டவும் வேண்டாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கவசம் இரண்டு வாங்குங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று சம்சாரத்துக்கு. வாரை மாட்டாத கவசம் முதல் அடியிலேயே பறந்துவிடும். தாடையின் கீழே இறுக்கி மாட்டுங்கள். கைக்குழந்தையை வண்டியில் ஏற்றாதீர்கள். தடுப்பூசிக்குப் பேருந்திலே போகட்டும். மூத்த பெண்ணுக்கு அளவான கவசமும் பட்டையும் கிடைக்கிறவரை அவளும் பேருந்திலேதான். வேகம் 45. டயர் மொட்டையானால் அடுத்த சம்பளம் வரை பொறுக்காதீர்கள். லைசென்சையும் பாலிசியையும் இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள். ஓவர்டைம் பார்த்துத் தூக்கம் கண்ணைச் செருகும் இரவில் கம்பெனியிலேயே படுத்துவிட்டுக் காலையில் போங்கள். கம்பெனியிலே எத்தனை பேர் உங்கள் பாதையில் வருகிறார்கள் என்று எண்ணி, வேன் கேட்டு ஒரு மனு எழுதுங்கள். செத்துப்போன நண்பர் பெயரை அதிலே முதலில் எழுதுங்கள்.”

“இத்தனையும் செய்தால் ஒன்றும் ஆகாதுங்களா?” என்றார்.

“அப்படி நான் சொல்ல மாட்டேன், சொல்பவனை நம்பவும் நம்பாதீர்கள். ஆபத்து குறையும். எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தேன் என்று வீட்டாரிடம் நீங்கள் நெஞ்சைத் தொட்டுச் சொல்லலாம். மீதி உங்கள் கையில் இல்லை. சாலை போடுகிறவர்கள் கையில் இருக்கிறது. அவர்களை நாம் சேர்ந்து கேட்போம்.”

சென்ற வாரம் மறுபடியும் சந்தித்தோம். கவசம் இரண்டு வாங்கிவிட்டாராம். மனுவில் 41 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை. தாயார் மட்டும், “எழுத்தை யாரடா மாற்ற முடியும்?” என்று இன்றும் சொல்கிறாராம். ஆனால் காலையில் மகன் கிளம்பும்போது கவசத்தைத் துடைத்து எடுத்துக் கொடுப்பது அந்தத் தாயார்தானாம்!

அது போதும். வாதத்திலே அவர் வெல்லட்டும். மகன் வீடு வந்து சேரட்டும். 41 கையெழுத்துக்குப் பதில் வர வேண்டும்; அதற்கு மற்றக் கம்பெனிகளிலும் மனுக்கள் எழுத வேண்டும். எழுதுவீர்களா, தோழர்களே?